தீர்ப்பு முதலில், ஆதாரம் பிறகு: மூளையின் இடமும் வலமும் பெண்ணும்

1

ஆணுக்கு இடது மூளை, பெண்ணுக்கு வலது மூளை என்கிற பேச்சு இன்றைக்கு ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. வாரப்பத்திரிகையின் மனோதத்துவப் பக்கத்தில், சுயமுன்னேற்றப் புத்தகத்தில், பட்டிமன்ற மேடையில் எல்லாம் இது ஓடுகிறது. ஆண் என்றால் தர்க்கம், கணக்கு, திசையறிவு. பெண் என்றால் உணர்ச்சி, பேச்சு, உள்ளுணர்வு. ஆதாரம் என்ன என்று கேட்டால் 'சயின்ஸே சொல்லிருச்சு' என்று பதில் வரும். கடவுள் சொன்னார், சாஸ்திரம் சொன்னது என்றால் எதிர்த்துக் கேட்க இங்கே நமக்கு ஒரு மரபு இருக்கிறது. அறிவியல் சொன்னது என்றால் முற்போக்காளர்கள்கூட வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆகவே அந்த அறிவியல் எப்போது, எந்தச் சண்டையின் நடுவில், யாருடைய வாயால் இதைச் சொன்னது என்று பார்ப்பது அவசியமாகிறது.

இதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் காரணங்கள் பலமுறை மாறியிருக்கின்றன. தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

2

பாரிஸ், 1861. மானுடவியல் கழகத்தில் ஒரு விவாதம் நடக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கழகத்தை நிறுவியவர் அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் ப்ரோக்கா. மூளையின் அளவுக்கும் அறிவுக்கும் சம்பந்தம் உண்டா என்பது கேள்வி. உண்டு என்பது ப்ரோக்காவின் கட்சி. இந்த விவாதம் கிளைவிட்டு, பேச்சு மூளையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற இடத்துக்கு வந்து நிற்கிறது. அதே ஏப்ரலில் பிஸேத்ர் ஆஸ்பத்திரியில் லெபோர்ன் என்கிற நோயாளி இறக்கிறார். இருபத்தொரு வருஷமாக 'டான்' என்ற ஒரு ஓசையைத் தவிர அவர் வாயிலிருந்து பெரிதாக எதுவும் வந்ததில்லை. ப்ரோக்கா மண்டையைத் திறந்து பார்க்கிறார். இடது முன்மடலில் பழுது. அடுத்தடுத்து வந்த நோயாளிகளிடமும் பழுது இடப்பக்கமே இருந்தது. 1865இல், நாம் இடது பாதியால் பேசுகிறோம் என்று எழுதினார். மூளையின் இரண்டு பாதிகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்ற கண்டுபிடிப்பு, அதாவது பக்கச்சார்பு என்று இன்று சொல்வது, இப்படித்தான் பிறந்தது. உண்மையான, பெரிய கண்டுபிடிப்பு. அதை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே மனிதர், அதே காலத்தில், தராசு வைத்துக்கொண்டு மூளைகளை எடைபோட்டுக்கொண்டும் இருந்தார். பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் கிடைத்த 292 ஆண் மூளைகளின் சராசரி 1325 கிராம். 140 பெண் மூளைகளின் சராசரி 1144 கிராம். வித்தியாசம் 181 கிராம். உடம்பு சிறிதாக இருப்பவருக்கு மூளையும் சிறிதாக இருக்குமே என்ற கேள்வி ப்ரோக்காவுக்குத் தெரியாததல்ல. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்று விட்டார். காரணம், பெண்களுக்கு அறிவு சராசரியாகக் குறைவு என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும் என்றார். எதை நிரூபிக்கப் போகிறாரோ அதையே சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பின்னாளில் ஸ்டீபன் ஜே கோல்ட் அதே எண்களை எடுத்து, உயரத்தையும் வயதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது 181 என்பது 113 ஆகக் குறைந்தது. உடல்வாகின் மற்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்தால் அதுவும் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது என்றார் கோல்ட்.

1879இல் ப்ரோக்காவின் பள்ளியைச் சேர்ந்த குஸ்தாவ் லெ போன் இன்னும் ஒரு படி மேலே போனார். பெரும்பாலான பெண்களின் மூளை கொரில்லாவின் மூளைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதினார். இவர்தான் பிற்பாடு 1895இல் கூட்ட மனோபாவம் பற்றிப் புத்தகம் எழுதிப் புகழ்பெற்றவர். பெண்ணுக்கு ஆணோடு ஒத்த கல்வி கொடுப்பது ஆபத்து என்பதுதான் அவர் சொல்லவந்த விஷயம். அடுத்த வருஷம், 1880 டிசம்பரில், பெண்களுக்கான அரசு இடைநிலைப் பள்ளிகளை அமைக்கும் சட்டம் பிரான்சில் நிறைவேறுகிறது. இப்போது தராசு எதற்காக வந்தது என்று புரிகிறதல்லவா? பள்ளிக்கூட வாசலில் பெண் வந்து நின்றபோதுதான் அவள் மூளையை நிறுத்துப் பார்க்க வேண்டிய தேவை வந்தது.

3

எடைக் கணக்கு நாளாவட்டத்தில் சங்கடம் கொடுக்க ஆரம்பித்தது. மண்டைச் சாத்திரத்தின் மூலவர் கால் என்பவருடைய மூளையே 1198 கிராம்தான். அமெரிக்கக் கவி வால்ட் விட்மனுடையது 1282. 1924இல் இறந்த அனதோல் பிரான்ஸின் மூளை வெறும் 1017 கிராம். நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர். என்ன செய்வது? எடை போனால் இடம் வந்தது. மூளையின் முன்மடலில்தான் அறிவு இருக்கிறது, அது ஆணுக்குப் பெரிது என்றார்கள். முன்மடல் பெண்ணுக்கு ஒன்றும் சிறிதில்லை என்ற பேச்சு வந்ததும், அறிவு பக்கமடலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இந்தக் கூத்தை 1975இல் ஸ்டெஃபனி ஷீல்ட்ஸ் என்ற உளவியலாளர் விரிவாக எழுதிக் காட்டினார்.

இடம் வலம் என்ற பிரிவினையும் இதே பாதையில் போனது. பேச்சு இடது பாதியில் இருக்கிறது. பேச்சுதான் மனிதனை மிருகத்திலிருந்து பிரிக்கிறது. ஆகவே இடது பாதி நாகரிகத்தின் பாதி என்றார்கள். அப்படியானால் வலது பாதி யாருடையது? பெண்ணுடையது, 'காட்டுமிராண்டி'யுடையது, பைத்தியத்துடையது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய மருத்துவத்தில் இப்படி ஒரு முழு வரிசையே உருவானதை ஆன் ஹாரிங்டன் 1987இல் வெளிவந்த தன் நூலில் ஆவணப்படுத்தியிருக்கிறார். வெள்ளை ஆணின் மண்டைக்குள்ளேயே ஒரு காலனி. இடது பாதி ஆள்கிறது, வலது பாதி ஆளப்படுகிறது. உலக வரைபடத்தை மடித்து மண்டைக்குள் வைத்துவிட்டார்கள்.

பெண்கள் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அறிவியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அமெரிக்காவில் வில்லியம் ஹாமண்ட் என்ற நரம்பியல் மருத்துவர் பெண் மூளையின் குறைபாடுகளைப் பட்டியல் போட்டபோது, ஹெலன் கார்டனர் 1887இல் பத்திரிகையில் அவரோடு நேருக்கு நேர் மோதினார். மூளைகளைக் கலந்து கொடுத்தால் இது ஆண், இது பெண் என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். 1888இல் வாஷிங்டனில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டிலும் இதையே பேசினார். பெரிய மனிதர்களின் மூளையைச் சாதாரணப் பெண்களின் மூளையோடு ஒப்பிடுகிறீர்களே, சிந்தித்து வாழ்ந்த ஒரு பெண்ணின் மூளை உங்களிடம் இருக்கிறதா என்பது அவர் வாதம். 1925இல் இறந்தபோது தன் மூளையைக் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார்.

லண்டனில் ஆலிஸ் லீ வேறு வழியில் போனார். கார்ல் பியர்சனிடம் புள்ளியியல் கற்றவர். 1898இல் டப்ளினில் கூடிய உடற்கூறு நிபுணர்களில் 35 பேரின் தலையை அளந்து, மண்டைக் கொள்ளளவைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தினார். பெட்ஃபோர்டு கல்லூரி மாணவிகளின் அளவுகளும் அவர் ஆய்வில் உண்டு. நிபுணர்களிலேயே ஆகச் சிறிய மண்டை, எல்லோரும் மதித்த ஜெர்மானிய அறிஞர் கோல்மனுடையது. அவரைவிடப் பெரிய மண்டை கொண்ட மாணவிகள் இருந்தார்கள். மண்டை அளவுக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை, இருக்கிறது என்றால் ஐயாமார்களே உங்கள் கதி இதுதான் என்று அவர்கள் அளவுகோலாலேயே அவர்களை அளந்து காட்டிவிட்டார். தேர்வாளர்கள் முரண்டுபிடித்தார்கள். கடைசியில் பட்டம் கிடைத்தது; ஆய்வு 1901இல் அச்சானது. இதில் ஒரு முரண் உண்டு. லீ கணக்குப் போட்ட அதே பியர்சன் பட்டறைதான் இன்னொரு பக்கம் இனமேம்பாட்டு வாதத்துக்கும் கணக்குப் போட்டது. ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, எந்த இடத்தில் குறிவைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சிகாகோவில் ஹெலன் தாம்சன் 25 ஆண்களையும் 25 பெண்களையும் ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து, நினைவு, புலனுணர்வு, புதிர் விடுவித்தல் என்று சோதித்தார். 1903இல் புத்தகமாக வந்தது. வேறுபாடுகள் சொற்பம், அதிலும் பெரும்பகுதி வளர்ப்பால் வருவது என்றார். வேலைத்திறனை நேரடியாகச் சோதித்துப் பார்த்த முதல் முறையான ஆய்வுகளில் இது ஒன்று.

4

1906இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பென்னட் பீன் புதிதாக ஒன்றைப் பிடித்தார். மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் ஒன்று உண்டு. கார்ப்பஸ் கலோசம் என்று பெயர். அதன் முன்பகுதி வெள்ளையருக்குப் பெரிது, கறுப்பினத்தவருக்குச் சிறிது என்று அளந்து வெளியிட்டார். மறு வருஷமே ஒரு மருத்துவப் பத்திரிகை இதைத் தூக்கிப்பிடித்து, கறுப்பினத்தவருக்கு உயர்கல்வியும் ஓட்டுரிமையும் எதற்கு என்று தலையங்கம் எழுதியது. பீனின் சொந்த ஆசிரியர் ஃப்ராங்க்ளின் மாலுக்குச் சந்தேகம் வந்தது. எந்த மூளை யாருடையது என்று தெரியாதபடி வைத்துக்கொண்டு 106 மூளைகளை அளந்தார். அதில் பீன் அளந்த மூளைகளும் சில இருந்தன. வேறுபாடு காணாமல் போய்விட்டது. 1909இல் இதை வெளியிட்டார். யாருடையது என்று தெரிந்தால் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை. வேறுபாடு மூளையில் இருந்ததா, அளந்தவர் கண்ணில் இருந்ததா?

இந்த அளவுகோல் நம் ஊருக்கும் வந்தது. ப்ரோக்காவின் சீடர் தோப்பினார். அவருடைய முறைகளை எடுத்துக்கொண்டு ஹெர்பர்ட் ரிஸ்லி வங்காளத்தில் மூக்குகளை அளந்து, மூக்கு அகலம் கூடக்கூட ஜாதி அந்தஸ்து குறையும் என்று 1891இல் விதியே வகுத்தார். சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் தலைகளையும் மூக்குகளையும் அளந்தார். 1948இல் அம்பேத்கர் தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்த நூலில் இதே மூக்குக் கணக்கை எடுத்துப் போட்டு, பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறுவேறு இனம் என்ற வாதத்தை உடைத்தார். ஆலிஸ் லீ டப்ளினில் செய்ததும் இதேதான். எதிரியின் கோலை வாங்கி எதிரியை அளப்பது.

5

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மூளை எடை பற்றிப் பேசுவது அசிங்கமாகிவிட்டது. அந்த இடத்துக்குப் பக்கச்சார்பு வந்தது. வலிப்பு நோய்க்காக நரம்புப் பாலம் அறுக்கப்பட்டவர்களை வைத்து ரோஜர் ஸ்பெரியும் கூட்டாளிகளும் 1960களில் செய்த ஆய்வுகள், இரண்டு பாதிகளும் தனித்தனியே என்ன செய்யும் என்று காட்டின. ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு. இதுவும் நல்ல அறிவியல்தான். கையோடு பழைய கேள்வியும் திரும்பி வந்தது: பெண்ணுக்கு இது எப்படி?

1972ஆம் வருஷம் இரண்டு பதில்கள் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜெரி லெவி சொன்னார்: பெண்ணுக்கு மொழி இரண்டு பாதிகளிலும் பரவியிருக்கிறது, அதனால் வலது பாதியில் இடவுணர்வுக்கு இடம் போதவில்லை, ஆகவே ஆண் இடவுணர்வில் கெட்டிக்காரன். பஃபரி, க்ரே இருவரும் சொன்னார்கள்: பெண்ணுக்கு மொழி ஒரு பக்கமாக நன்றாகப் பிரிந்திருக்கிறது, ஆணுக்கோ இடவுணர்வு இரண்டு பாதிகளிலும் பரவியிருக்கிறது, அப்படிப் பரவியிருப்பதுதான் இடவுணர்வுக்கு நல்லது, ஆகவே ஆண் அதில் கெட்டிக்காரன். ஒருவர் வெள்ளை என்கிறார், இன்னொருவர் கறுப்பு என்கிறார். முடிவில் இரண்டு பேரும் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். எதிரெதிரான இரண்டு உடற்கூறுகள் ஒரே தீர்ப்பைத் தருமானால், தீர்ப்பு உடற்கூற்றிலிருந்து வரவில்லை என்றுதானே பொருள்?

1980களில் நார்மன் கெஷ்விண்டும் கூட்டாளிகளும் வேறொன்று சொன்னார்கள். கருவில் ஆண் ஹார்மோன் இடது பாதியின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது, அதனால் ஆணிடம் வலது பாதி ஓங்குகிறது, கணக்கும் கலையும் அங்கிருந்து வருகின்றன என்று. கவனியுங்கள்: நூறு வருஷத்துக்கு முன் பெண்ணையும் பைத்தியத்தையும் தள்ளிவைத்த அதே வலது பாதி. கணக்குக்கு மவுசு வந்ததும் ஆண் அங்கே குடியேறிவிட்டான். 1977இல் வெளியான, 507 சிசு மூளைகளை ஆராய்ந்த ஆய்வில் வலது பாதியின் மடிப்புகள் சற்று முன்னதாகத் தோன்றுவது ஆண் பெண் இரண்டுக்கும் பொதுவாகவே இருந்தது என்பதை ரூத் ப்ளையர் எடுத்துக்காட்டினார். யார் காதிலும் ஏறவில்லை.

1982இல் நரம்புப் பாலம் மறுபடி வந்தது. டி லக்காஸ்ட்-உட்டாம்சிங், ஹாலோவே என்ற இருவர், பாலத்தின் பின்பகுதி பெண்ணுக்குப் பெரிது, அதனால் பெண் மூளையில் பக்கச்சார்பு குறைவாக இருக்கலாம் என்று புகழ்பெற்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். எத்தனை மூளைகளை வைத்து? 14. ஒன்பது ஆண், ஐந்து பெண். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன, பெண்ணின் உள்ளுணர்வுக்கு உடற்கூறு கிடைத்துவிட்டது என்று கொண்டாடின. ப்ளையரும் சகாக்களும் 39 பேரை ஸ்கேன் செய்து பார்த்தபோது அப்படி எதுவும் தென்படவில்லை. 1997இல் பிஷப், வால்ஸ்டன் இருவரும் 49 ஆய்வுகளைத் திரட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். பாலத்தின் பின்பகுதியில் ஆண் பெண் வேறுபாடு நிற்கவில்லை. ஆனால் 14 மூளைகளின் செய்தி போன தூரத்துக்கு 49 ஆய்வுகளின் செய்தி போகவில்லை.

1995இல் ஷேவிட்ஸ் தம்பதியரின் குழு 19 ஆண்களையும் 19 பெண்களையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, இரண்டு சொற்கள் எதுகையாக ஒலிக்கின்றனவா என்று கேட்டது. ஆண்களுக்கு இடது முன்பகுதி இயங்கியது. பெண்களில் 11 பேருக்கு இரண்டு பக்கமும் இயங்கியது. உலகம் முழுக்கச் செய்தி. செய்தியில் விடுபட்டவை இரண்டு. பெண்களில் மீதி எட்டுப் பேரிடம் அந்த இருபக்க இயக்கம் காணப்படவில்லை என்பது ஒன்று. அந்த வேலையை ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி திறமையாகச் செய்தார்கள் என்பது இரண்டு. அதாவது மூளையில் வேறுபாடு, வேலையில் வேறுபாடில்லை. மூளை வேறுபாட்டிலிருந்து திறமை வேறுபாட்டுக்குத் தாவுகிற அந்தத் தாவல், ஆய்வின் சொந்த முடிவிலேயே அடிபட்டுப் போகிறது. 2004இல் சோமர் குழு இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்தது. மொத்தம் 377 ஆண்கள், 442 பெண்கள். மொழிப் பக்கச்சார்பில் பால் வேறுபாடு உறுதிப்படவில்லை.

இது ஓய்ந்துவிடவில்லை. 2013 டிசம்பரில் 949 இளைஞர்களின் மூளை இணைப்புகளை வரைந்த ஓர் ஆய்வு, ஆணுக்கு ஒவ்வொரு பாதிக்குள்ளும், பெண்ணுக்குப் பாதிகளுக்கு இடையிலும் இணைப்பு அதிகம் என்றது. 2015இல் டாஃப்னா ஜோயல் குழு 1400க்கும் மேற்பட்ட மூளைகளைப் பார்த்துவிட்டு, முழுக்க ஆண் முனையிலோ முழுக்கப் பெண் முனையிலோ இருக்கும் மூளை மிக அரிது, பெரும்பாலானவை கலவைதான் என்றது. 2021இல் லிஸ் எலியட்டும் சகாக்களும் மூன்று தசாப்த ஆய்வுகளை அலசினார்கள். ஆண் மூளை சராசரியாகச் சுமார் 11 சதவீதம் பெரிது, உடம்பும் பெரிது. அந்த அளவு வேறுபாட்டைக் கழித்துவிட்டால் பால் வேறுபாடு என்று மிஞ்சுவது ஒரு சதவீதம் அளவில்தான்.

6

அப்படியானால் வேறுபாடே கிடையாதா? அப்படிச் சொன்னால் நாமும் தீர்ப்பை முதலில் எழுதுகிறவர்களாகிவிடுவோம். கனசதுரங்களால் ஆன ஓர் உருவத்தை மனசுக்குள் திருப்பிப் பார்த்து அடையாளம் காணும் சோதனை ஒன்று இருக்கிறது. அதில் ஆண்களின் சராசரி பெண்களின் சராசரியைவிட மேலே இருப்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. மறைக்க வேண்டிய விஷயமில்லை. ஆனால் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் இடைவெளி குறைகிறது. 2007இல் வந்த ஓர் ஆய்வில் பத்து மணிநேரம் வீடியோ கேம் ஆடவைத்தாலே குறைந்தது. 2011இல் மேகாலயாவில் சுமார் 1300 பேரிடம் ஒரு சின்னப் புதிரைக் கொடுத்துப் பார்த்தார்கள். தந்தைவழிச் சொத்துரிமை கொண்ட கர்பி மக்களிடம் ஆண்கள் வேகமாக முடித்தார்கள். பக்கத்திலேயே வாழும், தாய்வழிச் சொத்துரிமை கொண்ட காசி மக்களிடம் அந்த வேறுபாடு இல்லை. ஒரே மலை, ஒரே சோறு. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் வேறு.

மொழித்திறனில் பெண் மேலே என்பதும் இதே கதிதான். 1988இல் ஜேனட் ஹைடும் மார்சியா லின்னும் 165 ஆய்வுகளைத் திரட்டியபோது அந்த வேறுபாடு அநேகமாகக் கரைந்துவிட்டது. கணக்கில் அமெரிக்காவின் உச்ச மதிப்பெண் பெற்ற சிறுவர்களில் 13 ஆணுக்கு 1 பெண் என்று 1983இல் அறிவித்தார்கள். மூளையைக் காரணம் காட்டினார்கள். அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் அது சுமார் 4க்கு 1 என்று இறங்கிவிட்டது. பதினைந்து வருஷத்தில் மூளையின் இடமும் வலமும் மாறிவிடாது. பள்ளிக்கூடம் மாறும்.

கடைசியாக, எழுதுகிற நம்மைப் பற்றி ஒரு விஷயம். 1972இல் ராபர்ட் ஆர்ன்ஸ்டைன் எழுதிய நூல் வலது பாதியை உள்ளுணர்வோடும் கீழைத்தேசத்தோடும் சேர்த்துவைத்தது. அதற்குப் பிறகு வலது மூளையைக் கொண்டாடுவது ஒரு மாற்றுக் கலாச்சாரமாகவே ஆனது. படைப்பு, கவிதை, பெண், கிழக்கு எல்லாம் வலது பக்கம். நம் பக்கத்திலும் பெண்மொழி பற்றிப் பேசும்போது, பெண் தர்க்கத்தில் எழுதமாட்டாள், உணர்வில்தான் எழுதுவாள் என்று பாராட்டாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பாராட்டு லெ போனின் அதே வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது, வரிசையை அழிக்கவில்லை. தர்க்கத்தை ஆணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உணர்ச்சியைப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பது விடுதலை ஆகாது. ஆலிஸ் லீ உணர்ச்சியால் வாதிடவில்லை. கணக்குப் போட்டார், அதுவும் அவர்கள் தலையை அளந்தே.

மூளையில் இடமும் வலமும் உண்டு. லெபோர்ன் இறந்தபோதே அது தெரிந்துவிட்டது. ஆனால் பள்ளிக்கும் ஓட்டுக்கும் வேலைக்கும் நிலத்துக்கும் பெண் வந்து நிற்கும்போதெல்லாம் எவராவது ஒரு மூளைப் படத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். அப்போது அவரிடம் நாம் கேட்க வேண்டியவை நாலே கேள்விகள்தான். எத்தனை பேரை வைத்துச் சொல்கிறீர்கள்? யாருடைய மூளை என்று தெரியாமல் அளந்தீர்களா? வேலையைச் செய்யச் சொன்னபோது யார் தோற்றார்கள்? இந்தப் படம் இப்போது எந்தக் கதவைச் சாத்துவதற்கு வந்திருக்கிறது?